சட்டசபைக்கு வந்த டாக்டரம்மா

1927. சென்னைக் கோட்டைக்குள் கூடிய மாகாண சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், ஜமீன்தார்கள், மிராசுதார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். வயது நாற்பது. தொழில், டாக்டர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்ப்பவர். அவர் தேர்தலில் நின்று வந்தவர் அல்ல. அரசு நியமித்த உறுப்பினர். வந்த சில வாரங்களிலேயே சபை அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். பெயர் முத்துலட்சுமி ரெட்டி.

இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, தேவதாசி முறை ஒழிப்பு. இன்னொன்று, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இரண்டையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் சட்டசபையில் இருந்த சுமார் மூன்றரை ஆண்டுகள் மட்டும் ஒற்றை வரியில் கடந்து போகின்றன. ‘முதல் பெண் உறுப்பினர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். உண்மையில் அந்த மூன்றரை ஆண்டுகள்தான் அவரை விளங்கிக்கொள்வதற்கான வாசல். ஒரு டாக்டர் சட்டம் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதை அங்கேதான் பார்க்கலாம். அவர் செய்தவற்றிலேயே மிகக் கூர்மையான காரியம் என்று நான் நினைப்பதும் அங்கேதான் நடந்தது. அது பலரும் நினைக்கிற சட்டம் அல்ல.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தவர். இந்தத் திருமணத்துக்காக நாராயணசாமி ஐயரை உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களின் உலகம் முத்துலட்சுமிக்குப் புத்தகத்தில் படித்தது அல்ல, தாய்வழி உறவினர்களின் வீடு. பின்னாளில் சட்டசபையில் அந்தப் பெண்களைப் பற்றிப் பேசியபோது அவர் குரலில் இருந்த வேகத்துக்கும், சில சமயம் தெரிந்த கடுமைக்கும் காரணத்தை இங்கே தேட வேண்டும்.

மெட்ரிகுலேஷன் தேறிய பெண்ணை மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கேட்டபோது ஊரில் பெரும் எதிர்ப்பு. அது ஆண்கள் கல்லூரி. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1907-ல் சேர்ந்து 1912-ல் தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய முதல் பெண் அவர்.

‘இந்தியாவின் முதல் பெண் டாக்டர்’ என்று சில மேடைகளில் அவரைச் சொல்வது உண்டு. அது சரியல்ல. அவர் பிறந்த அதே 1886-ல் ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்கூலியும் டாக்டர்களாகிவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875-ல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமியின் பெருமைக்கு இல்லாத பட்டம் தேவையில்லை.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சம உரிமை தர வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். சடங்குகள் இல்லாமல், 1872-ம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட திருமணம். சுந்தர ரெட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மனைவியின் பொதுவாழ்வு முழுவதிலும் உடன் நின்றார்.

வீட்டுக்குள் போக முடிந்தவர்கள்

திருவிதாங்கூரிலும் சென்னையிலும் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்கள் இருவருமே டாக்டர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1920-களில் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட மேரி புன்னன் லூக்கோஸ் மகப்பேறு மருத்துவர். சென்னையில் முத்துலட்சுமி. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று படித்த பெண்ணுக்குச் சமூகம் மறுக்காமல் திறந்துவிட்ட கதவுகள் இரண்டு: ஆசிரியை வேலை, வைத்தியம். ஆண் டாக்டர் கை வைத்துப் பார்ப்பதைவிடப் பெண் சாவதே மேல் என்று நினைத்த குடும்பங்கள் இருந்தன. ஷார்லிப் 1885-ல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று சென்னையில் மருத்துவமனை தொடங்கியதும் அதனால்தான். பெண் டாக்டர் எந்தச் சாதி வீட்டுக்கும் எந்த மத வீட்டுக்கும் பின்கட்டு வரை போக முடிந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணமாகிப் பதினான்கில் பிரசவத்துக்குப் படுத்த பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். கணவனிடமிருந்து வந்த நோயை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த மனைவியைப் பார்த்திருக்கிறார். சட்டசபையில் அவருக்குப் பக்கத்தில் இருந்த மிராசுதாருக்கும் வக்கீலுக்கும் கிராமத்தின் கிஸ்தி தெரியும், வழக்கு தெரியும். அந்த வீடுகளின் உள்ளறை தெரியாது.

வழி திறந்ததற்கு இன்னொரு பின்னணியும் இருக்கிறது. சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டது. ஆனால் அந்த உரிமை சொத்தோடு பிணைந்தது; வாக்களிக்க முடிந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். பெண்கள் வேட்பாளராக நிற்க 1926-ல் வழி பிறந்தது. அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். ஒரு பெண்ணாவது சபைக்குள் இருக்க வேண்டும் என்று மார்கரெட் கசின்ஸ் போன்றோர் நடத்திய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது. அப்போது அவருக்கு நல்ல பிராக்டீஸ். லண்டன் செல்சியா பெண்கள் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றிருந்தார். சபை வேலை வைத்தியத்தைக் கெடுக்கும் என்று முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார்.

கையில் இருந்த கருவி

அன்றைய சட்டசபையின் அதிகாரம் என்ன என்று தெரிந்தால்தான் அவர் செய்தது விளங்கும். 1919-ம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டை ஆட்சி அது. கல்வி, சுகாதாரம் முதலியவை இந்திய அமைச்சர்கள் கையில். நிதியும் போலீசும் கவர்னரும் அவரது நிர்வாகக் குழுவும் வைத்திருந்தவை. சாதாரண உறுப்பினர் செய்யக்கூடியது மூன்று காரியம்: கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், தனிநபர் மசோதா கொடுக்கலாம். தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்குச் சிபாரிசுதான். நிறைவேற்றியே தீர வேண்டும் என்று இல்லை.

இந்தச் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு அவர் கேட்டவற்றைப் பாருங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும். ஏழைப் பெண்களுக்குப் பள்ளிக் கட்டணத்தில் சலுகை வேண்டும். முஸ்லிம் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும். விபசார விடுதிகளை மூட வேண்டும். இவற்றில் சிலது உடனே நடந்தது, சிலது காகிதத்தில் நின்றது. விபசார விடுதிகளுக்கு எதிரான சட்டம் 1930-ல் சென்னை மாகாணத்தில் வந்தது.

கல்யாண வயது விவகாரத்தில் அவர் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று கேட்டார். இந்திய அளவில் 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. அந்த இரண்டு வயது வித்தியாசம் சட்டப் புத்தகத்தில் சின்ன எண். பிரசவ அறையில் அது இடுப்பெலும்பு வளர்ந்த உடலுக்கும் வளராத உடலுக்கும் உள்ள வித்தியாசம். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று மற்றவர்கள் வாதாடிய இடத்தில், உடம்பு என்ன தாங்கும் என்று பேச அந்தச் சபையில் ஒருவர் இருந்தார்.

கல்வி நிலையை ஆராய 1928-ல் அமைந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினர். அதற்காக இந்தியாவெங்கும் பயணம். நடுவே சபை வேலை, வீட்டில் இரண்டு மகன்கள்.

பொட்டும் மானியமும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

1927 நவம்பரில், கோயில்களுக்குப் பெண் குழந்தைகளை நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் செய்ய வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இதற்கு ஏற்கெனவே சட்டம் இல்லையா? இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள், விபசாரத்துக்காகச் சிறுமிகளைக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றன. 1924-ல் வயது வரம்பைப் பதினெட்டாகவும் உயர்த்தியிருந்தார்கள். ஆனால் கோர்ட்டில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். பொட்டுக் கட்டி நேர்ந்துவிடுவது தெய்வத்துக்கு நடக்கும் சடங்கு. தத்து எடுப்பது குலவழக்கம். அந்தக் குழந்தை பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும், சடங்கு நடந்த அன்று இதுதான் நோக்கம் என்று யாரால் நிரூபிக்க முடியும்? ஆகவே வழக்குகள் நிற்கவில்லை. விளைவைத் தண்டிப்பதை விட்டுத் தொடக்கத்தைத் தடுக்க வேண்டும், சடங்கையே சட்டவிரோதமாக்க வேண்டும் என்றார் அவர். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட வராமல் தடுப்பது மேல் என்று படித்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்க வேண்டும்.

எதிர்ப்பு பலத்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, கோயில் வழக்கங்களில் சட்டம் கை வைக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார். அவருக்கு முத்துலட்சுமி கொடுத்ததாகச் சொல்லப்படும் சூடான பதில் இன்றும் மேடைகளில் கைதட்டல் வாங்குகிறது. அந்தப் பதிலடியையே திரும்பத் திரும்பச் சொல்வதால் அவருடைய நிதானமான வேலை மறைந்துபோகிறது என்பது என் வருத்தம். அந்த வேலையின் பெயர், 1929-ம் ஆண்டின் ஐந்தாவது சட்டம்.

கோயிலில் ஆடவும் பாடவும் கும்ப ஆரத்தி எடுக்கவும் கடமைப்பட்டிருந்த பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. மானியம் உண்டு. இத்தனை ஏக்கர் நிலம், அல்லது அதன் வருமானத்தில் பங்கு. ஊழியம் செய்யும் வரை நிலம் கையில். ஊழியத்தை விட்டால் நிலம் போகும். தாய்க்குப் பிறகு அந்த ஊழியத்தைச் செய்ய வீட்டில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். மகள் இல்லாவிட்டால் ஒரு சிறுமியைத் தத்து எடுத்தாவது பொட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கஞ்சிக்கு வழியில்லை. பக்தி, பரம்பரை, கலை என்று எத்தனை சொன்னாலும் அடுத்த குழந்தையைக் கோயிலுக்கு இழுத்த கயிறு இந்த நிலம்தான்.

முத்துலட்சுமி அந்தக் கயிற்றை அறுத்தார். 1926-ம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்க்கும் திருத்தம் கொண்டுவந்தார். அதன்படி, மானியம் வைத்திருந்த பெண் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்படுவாள். நிலம் அவளிடமே இருக்கும். ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனை போயிற்று. பொட்டுக்கட்டுத் தடையைப் பற்றி ஊரெல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அவ்வளவாகக் கவனிக்கப்படாத இந்தத் திருத்தம் நிறைவேறிச் சட்டமாகிவிட்டது. அவர் சபையில் இருந்தபோதே.

இதைத்தான் அவருடைய மிகக் கூர்மையான காரியம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒரு பழக்கத்தைக் கெட்டது என்று சொல்லித் தடை போடுவது சீர்திருத்தக்காரர் யாருக்கும் தோன்றும். அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வரும் பெண் மறுநாள் காலை எதைச் சாப்பிடுவாள் என்று முதலில் யோசித்து, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தடைக்குப் போனவர்கள் குறைவு.

எதிரே நின்ற பெண்கள்

கதை இவ்வளவு நேராக முடிந்துவிடவில்லை. அவரை எதிர்த்தவர்களில் சனாதனிகள் மட்டும் இல்லை, அந்தப் பெண்களே இருந்தார்கள். சென்னையில் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பின் முன்னணியில் இருந்தவர். சங்கீதத்திலும் சமஸ்கிருதத்திலும் பெரும் புலமை கொண்டவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். எங்களை விபசாரிகள் என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள், எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வி உண்டு, கலை உண்டு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மற்ற வீட்டுப் பெண்களுக்குச் சொத்தில் பங்கே இல்லாத காலத்தில் இந்தக் குடும்பங்களில் பெண் வழியாகச் சொத்து இறங்கியது உண்மை.

எதிர்ப்புறம், அதே குலத்தில் பிறந்து அந்த வாழ்க்கையை உதறிவிட்டு வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தஞ்சை வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். சுயமரியாதை இயக்கம் அவருக்கும் முத்துலட்சுமிக்கும் துணை நின்றது. காந்தி ‘யங் இந்தியா’வில் முத்துலட்சுமியின் முயற்சியை ஆதரித்து எழுதினார்.

நான் யார் பக்கம் என்று கேட்டால், குழந்தையின் பக்கம். பருவம் வராத சிறுமிக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. அவள் கழுத்தில் பொட்டுக் கட்டுவதை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நாகரத்தினம்மாள் எழுப்பிய கேள்வியை முத்துலட்சுமி போதிய அளவு காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1932-ல், தேவதாசிகள் ஆடிய சதிர்க் கச்சேரிகளுக்கு எதிராக அவர் பத்திரிகைகளில் எழுதினார். வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார். அந்த வாதம் சூடாக நடந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் சதிர் பரதநாட்டியமாகி மேல்சாதி வீட்டுப் பெண்களின் மேடைக்குப் போயிற்று. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பங்களின் பெண்கள் பலர் மேடையையும் இழந்தார்கள், மரியாதையையும் இழந்தார்கள். மானிய நிலமும் பல வீடுகளில் ஆண்கள் கைக்குப் போனதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சட்டத்தை எழுதியவர் மேல் இதையெல்லாம் சுமத்துவது நியாயமில்லை. நிலத்தைப் பெண் கையில் கொடுத்தவர், கலையையும் அவள் கையில் விட்டுவைக்க வழி தேடியிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் எனக்கு உண்டு.

ராஜினாமா, பிறகு மூன்று பெண்கள்

பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் மசோதாவை அவர் 1930 தொடக்கத்தில் சபையில் வைத்தார். பொதுமக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. அதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்துவிட்டது. மே 5 அன்று காந்தி கைதானார். முத்துலட்சுமி தம் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார்.

இந்த ராஜினாமாவை நினைக்கும்போது மனம் இரண்டுபடுகிறது. அரசு நியமித்த பதவி. அந்த அரசு காந்தியைச் சிறையில் போட்டபோது நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அது அவருக்கு அழகு. ஆனால் அவரோடு மசோதாவும் வெளியே போயிற்று. அதை ஏந்திக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. மறுபடி அது சட்டமாக 17 ஆண்டுகள் ஆயின. சுதந்திரம் வந்த பிறகு, 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் தேவதாசிகள் தடைச் சட்டம் நிறைவேறியது. 1927-ல் அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த சுப்பராயன், 1947-ல் ஓமந்தூராரின் அமைச்சரவையில் இருந்தார். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் யார்?

சபையை விட்டு வந்த சிறிது காலத்தில், பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும் என்றார்கள். நகரத்தில் பிராமணப் பெண்களுக்கு விடுதி இருந்தது. பிராமணரல்லாத பெண்களுக்கும் இருந்தது. இரண்டிலும் இவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். சட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தவருக்கு, சட்டத்துக்கு வெளியே இருக்கும் கதவுகள் எவ்வளவு இறுக்கமானவை என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். மூவரையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். முதலில் மயிலாப்பூர் பக்கம் நடந்து, 1936-ல் அடையாறுக்கு மாறியது. சாதி கேட்காமல், தகப்பன் பெயர் கேட்காமல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. படித்தவர்கள் ஆசிரியைகளாகவும் நர்ஸ்களாகவும் வெளியே போனார்கள். இன்றும் அந்த இல்லமும் அதன் பள்ளிகளும் நடக்கின்றன.

‘கேன்சருக்கு எதற்கு ஆஸ்பத்திரி?’

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். இளம் வயது. நோய் இன்னதென்று தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. டாக்டரான அக்காவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லண்டனுக்குப் படிக்கப் போனபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்து வந்தார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், சென்னையில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோய் என்றால் சாவு என்று டாக்டர்களே நினைத்த காலம். சாகப் போகிறவர்களுக்காக எதற்குத் தனி மருத்துவமனை என்ற கேள்வியை அவர் பல அலுவலகங்களில் சந்திக்க வேண்டியிருந்தது.

இங்கே அவருடைய சட்டசபை அனுபவம் உதவியது என்று நினைக்கிறேன். அரசாங்கம் ஒரு வேண்டுகோளை எப்படிக் கிடப்பில் போடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி வீடு வீடாகப் பணம் சேர்த்தார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த ஆண்டு, அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்த டாக்டர் வி. சாந்தா அதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும் வரை அந்த வளாகமே அவர் வீடு. பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகப் பார்க்கும் முறை அங்கே தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் அடையாறு என்ற ஊர்ப் பெயரையே அந்த மருத்துவமனையின் பெயராகச் சொல்கின்றன.

முத்துலட்சுமி 1956-ல் பத்ம பூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

ரூபாய் 18,000

இன்று தமிழ்நாட்டில் அவர் பெயரை அதிகம் உச்சரிப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகள்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் தொடங்கியது. அப்போது தொகை 300 ரூபாய். 2006-ல் 6,000 ஆயிற்று, 2011-ல் 12,000, 2018-ல் 18,000. ஆட்சிகள் மாறியும் அவர் பெயரில் திட்டம் இன்றும் நடக்கிறது. நம் மாநிலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. கூலி வேலைக்குப் போகும் பெண் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில வாரமாவது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து, நல்லதாகச் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பணம். கர்ப்பத்தைப் பதிவு செய்தது, பரிசோதனைகளுக்கு வந்தது, அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டது என்று படிப்படியாகத் தவணைகள். ஓய்வெடு என்று வாயால் சொன்னால் போதாது, ஓய்வெடுக்கப் பணம் கொடுக்க வேண்டும் என்பது 1929-ல் மானிய நிலத்தை வைத்து அவர் போட்ட அதே கணக்கு.

இதில் ஒரு விதி என் மனத்தை அறுக்கிறது. பொதுவாக, தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் உதவி. குழந்தைத் திருமணத்தையும் கூடுதல் குழந்தைகளையும் தடுக்க வைத்த விதி என்பது புரிகிறது. ஆனால் 17 வயதில் கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, 18-ல் கர்ப்பமாகி, ரத்தசோகையோடு சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்குப் பணம் இல்லை என்று சொல்லி அனுப்புகிறோம். கல்யாணத்தைத் தீர்மானித்தது அவள் அல்ல. மூன்றாவது பிரசவத்துக்கு வரும் பெண்ணும் பல வீடுகளில் எண்ணிக்கையைத் தானாகத் தீர்மானித்தவள் அல்ல. இந்த இரண்டு பேருக்கும்தான் பிரசவத்தில் ஆபத்து அதிகம் என்பதை எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்வார். குடும்பத்தார் செய்த தவறுக்கு வழக்கு வேண்டுமானால் போடட்டும். அந்தப் பெண்ணின் முட்டைக்கும் பாலுக்கும் உள்ள பணத்தை நிறுத்தக் கூடாது. இன்றைய சட்டமன்றத்திலும் டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த சுகாதார மானியக் கோரிக்கை வரும்போது, முத்துலட்சுமி பெயரில் உள்ள இந்த விதியைத் திருத்தக் கேட்டு அவர்களில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.